கிலாட் ராசு பந்தை விட்ட காரணம்

1

என் கணவர் இறந்து இந்த மாசியோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் இருந்திருந்தால் திதி கொடுத்து, நாலு பேருக்குச் சோறு போட்டு அமைதியாக முடித்திருப்பேன். பினாங்கில் அதற்கு ஒரு பந்தாட்டச் சங்கமே கிளம்பி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்கை பினாங்கில் என் வீட்டு வாசலில் தையல் எந்திரத்தைப் போட்டுக்கொண்டு, சங்கத்துப் பிள்ளைகளுக்கான பச்சை மேல்சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு இந்தத் தையல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சங்கச் செயலாளர் தம்புசாமி, சட்டம் போட்ட என் கணவரின் பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். துறைமுகக் கம்பெனி ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருப்பவர். என் கணவரை அண்ணன் என்று அழைத்தவர், அதனால் நான் அவருக்கு அண்ணி.

"அண்ணி, அண்ணன் பேருல கோப்பை வைக்கிறோம். வர்ற சனிக்கிழமை ஆட்டம். நம்ம குமார்தான் அவங்கப்பா இடத்துல, முன்வரிசையில ஆடுறான். அண்ணனப் பத்தி சின்னதா ஒரு புத்தகம் போடுறோம். எழுதிட்டேன், கேளுங்க" என்று ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

பிறந்த ஊர், கப்பலேறிய வயது, அடித்த கோல்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசிப் பத்தியில் குரலை உயர்த்தினார். "அச்சம் என்பதையே அறியாத வீரர். புகழின் உச்சியில் இருக்கும்போது முழங்கால் காயத்தால் ஆட்டத்தைத் துறந்தார். இவை யாவும் உண்மை என மனைவி ஒப்பமிடுகிறார்."

எந்திரத்தின் ஊசி என் விரல் நகத்தோரம் இறங்கியது. சட்டைத் துணியில் ரத்தம் படாமல் கையை இழுத்துக்கொண்டேன். தம்புசாமி என்னைப் பார்த்தார், உடனே தாளைப் பார்த்தார். அவர் ஆட்டத்தை விட்ட உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று அவர்.

"தாள வச்சிட்டுப் போங்க தம்பி. படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

அன்று முழுவதும் அந்தத் தாள் கிடந்த பக்கமே என் கண் போகவில்லை.

2

ஊரில் இதைப் படிக்கும் நீங்கள் என் கணவரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கே ரிக்ஷா இழுக்கும் சீனருக்கும் அவரைத் தெரியும். ராசு என்பது பெற்றவர் வைத்த பெயர். 'கிலாட்' மலாய்க்காரர்கள் கொடுத்தது, மின்னல் என்று பொருள். அவர் அடித்த பந்து கோல் கம்பத்தை முறித்தது என்பார்கள். வலது காலால் அடிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள் என்பார்கள். இரண்டும் பொய். அவர் காலில் கட்டியிருந்தது நான் கிழித்துக் கொடுத்த பழைய சேலைத் துண்டு. சுளுக்குக்குக் கட்டியது.

பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு கொண்டுவரும் தொங்கான் படகில் மூட்டை தூக்கினார். மாலையில் கடற்கரைத் திடலில் சிப்பாய்கள் பந்தாடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். பூட்ஸ் போட்டவர்கள் நடுவே வெறுங்காலோடு ஓடினார். நான் வரும்போது இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை என்று மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் வந்த கப்பலில் வாந்திபேதி. செத்த மூன்று பேரைக் கடலில் இறக்கினார்கள். எங்களை நேராக ஊருக்குள் விடாமல் எதிரே உள்ள தீவில் நாள் கணக்காக அடைத்து வைத்தார்கள். ஒவ்வொரு காலையும் வரிசையில் நிறுத்தி நாக்கைப் பார்த்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண் ஒரு காலையில் வரிசைக்கு வரவில்லை. அந்தப் பயம் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு என்னுடன் கரையேறியது.

கல்யாணம் ஆகி முதல் சனிக்கிழமை. அவர் காலையிலிருந்து எதையும் சாப்பிடவில்லை. பகல் உணவை எடுத்து வைத்தபோது எழுந்து பின்பக்கம் ஓடினார். குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை, கைகள் சில்லிட்டிருந்தன. தீவில் பார்த்தது அப்படியே கண்முன் நின்றது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மாக் ஈசாவிடம் ஓடினேன். வந்து ஒரு வாரத்தில் நான் கற்றிருந்த மலாய்ச் சொற்கள் பத்து இருக்கும். நோய்க்கு 'சாக்கிட்', பயத்துக்கு 'தாக்குட்'. பதற்றத்தில் எதைச் சொன்னேன் என்றே தெரியவில்லை. "தாக்குட்! என் வீட்டுக்காரருக்குத் தாக்குட்!" என்று அழுதேன்.

அந்த அம்மா வந்து அவரைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிச் சிரித்தார். "சரியாத்தான் சொன்னே. சாக்கிட் இல்ல, தாக்குட்தான். சனிக்கிழமைன்னா ராசுக்கு எப்பவும் தாக்குட் லா" என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார்.

நோய் என்று சொல்ல வந்த நான் தெரியாமல் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

3

"எதுக்குப் பயம்?" என்று அன்று சாயந்தரம் கேட்டேன். இரண்டு கோல் அடித்துவிட்டு, சேறும் சிரிப்புமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

"தெரியல தனம். தொங்கான்ல இருந்து கப்பலுக்கு ஒத்தப் பலகை போட்டிருப்பாங்க. கீழ கடல், தோள்ல மூட்டை. அதுல ஓடுவேன், பயமே இல்ல. திடல்ல இறங்குனா அத்தனை கண்ணும் என் காலப் பாக்குது. மூட்ட தூக்குறப்ப ஒருத்தனும் பாக்குறதில்ல. எவனும் பாக்காத ஆளா இருந்து பழகிட்டேன் போல."

"அப்ப விட்டுடுங்க."

"பந்து கால்ல பட்டதும் பயம் போயிடுதே" என்றார். "வேற எதுலயும் இந்தப் பயம் போக மாட்டேங்குது."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வாந்தி எடுத்த வாயைக் கொப்பளித்துவிட்டு, தலை வாரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். தெருமுனையில் சைக்கிள்களோடு காத்திருக்கும் கூட்டம் "கிலாட்! கிலாட்!" என்று கத்தும். நான் திடலுக்குப் போனதே கிடையாது. பெண்கள் போகாத இடம் என்பது ஒரு காரணம். பூட்ஸ் கால்கள் அவரை மிதிப்பதைப் பார்க்கும் தைரியம் இல்லாதது இன்னொரு காரணம். வீட்டில் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்களின் சைக்கிள் மணிச் சத்தத்தை வைத்தே முடிவைத் தெரிந்துகொள்வேன். மணி அடித்துக்கொண்டே வந்தால் வெற்றி. சத்தமில்லாமல் வந்தால் தோல்வி. ஒரு மணியும் கேட்காமல் நேரம் போனால் அவரைப் பலகையில் வைத்துத் தூக்கி வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பத்து வருடம் சனிக்கிழமைகளை அப்படித்தான் கழித்தேன்.

4

குமாருக்கு இப்போது பதினாறு வயது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலாய், வீட்டில் பசித்தால் மட்டும் தமிழ். "மா, நாசி இருக்கா? லப்பார் லா" என்றுதான் உள்ளே நுழைகிறான். சோறு இருக்கிறதா, பசிக்கிறது என்று பொருள். சொந்த ஊர் எது என்று கேட்டால், இந்தத் தெருவின் பெயரைச் சொல்கிறான். அதற்காக நான் வருந்தியதில்லை. அவன் பிறந்தது இங்கேதான்.

என்னை வருத்துவது வேறு. அவனுக்கு அவன் அப்பாவைத் தெரியாது, கிலாட் ராசுவைத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'பந்தாட்ட வீரர்' என்று எழுதிவிட்டு வந்தான். மூட்டை தூக்கியவர் என்று எழுத வெட்கமா என்று கேட்டதற்கு, "அது வேலை மா, அவர் அது இல்ல" என்றான். அதே படிவத்தில் ராசு என்பதை ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருந்தான். மரணச் சான்றிதழில் வேறு விதமாக இருந்தது. குடியேற்றச் சீட்டில் ராஜு என்று இருந்தது. மூன்றையும் ஒத்துப் பார்க்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். இந்த நாட்டில் பெயரை எழுதி வைத்திருக்கும் தாள் எதைப் பார்த்தாலும் எனக்குப் பயம்தான். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தம்புசாமி தாளை வைத்துவிட்டுப் போன மறுநாள், குளியலறையில் குமார் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன்.

"ஒண்ணுமில்ல மா. கடையில சாப்பிட்ட மீன் சரியில்ல."

கடையில் அவன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தவன், மேசையில் கிடந்த தாளை எடுத்து 'அச்சம் என்பதையே அறியாத வீரர்' என்ற வரியை வாய்விட்டுப் படித்தான். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

5

இனிச் சொல்லப்போவதை அந்த வாரம்வரை ஆறு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களைக் கழித்தார்கள், துறைமுகத்தில் கப்பல்கள் குறைந்தன. வேலை போனவர்களைப் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் பட்டியல் எழுதினார்கள். பட்டியலில் பெயர் வந்தால் மூன்று நாளில் மூட்டை கட்ட வேண்டும். நீங்கள் கேட்கலாம், சொந்த ஊருக்குப் போக என்ன பயம் என்று. எங்களுக்கு ஊரில் ஒரு சாண் நிலம் கிடையாது. என்னைப் பெற்றவர்கள் இறந்துவிட்டார்கள். அவருடைய அண்ணன், பங்கு கேட்டு வந்துவிடாதே என்று முன்னமே கடிதம் போட்டிருந்தார். கையில் பத்து வயதுப் பிள்ளையோடு நாகப்பட்டினம் கரையில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது?

அந்த நேரத்தில்தான் பெரிய கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி வெள்ளைக்காரர்களுடையது. என் கணவர் வேலை பார்த்த கம்பெனியின் பெரிய துரை அதற்குத் தலைவர். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தொங்கான் ஆட்களின் தண்டல், அதாவது மேஸ்திரி, வீட்டுக்கே வந்தார்.

"ராசு, சனிக்கிழம உன் காலு கொஞ்சம் சும்மா கிடக்கட்டும். துரை சொல்லல, நான் சொல்றேன். திங்கக்கிழமை பட்டியல் எழுதுறாங்க. பேரு கொடுக்கறவன் நான்தான்."

அவர் போனதும் என் கணவர் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. "விட்டுக் கொடுத்துடுங்க" என்றேன். "ஒரு ஆட்டம்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றார்.

"அந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணுமா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலையில் மூன்று முறை வாந்தி எடுத்தார். துணியைக் காலில் கட்டும்போது அவர் விரல்கள் முடிச்சைப் பிடிக்க முடியாமல் வழுக்கின. நான்தான் கட்டிவிட்டேன். "தோத்துடுறேன் தனம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாயந்தரம் சைக்கிள் மணிகள் தெருமுனையிலேயே தொடங்கிவிட்டன. அவ்வளவு மணிகளை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அவரைத் தோளில் தூக்கி வந்தார்கள். மூன்று கோல். இன்றும் பினாங்கில் பேசுகிற ஆட்டம் அதுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று, இரும்புப் பெட்டியில் எதை எடுத்து வைப்பது, எதை விட்டுப்போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தவர், "பந்து கால்ல பட்டுச்சு, தனம். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார்.

6

செவ்வாய்க்கிழமை மதியம் தம்புசாமி ஓடி வந்தார். அப்போது அவர் அந்தக் கம்பெனியில் இளம் கிராணி, என் கணவரின் ஆட்டத்துக்காக உயிரை விடுபவர். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, பட்டியல்ல உங்க பேரு வந்துச்சு. நான் சமாளிச்சிட்டேன்."

"எப்படி?"

"தண்டல் ராசுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கான். அப்பன் பேரு இல்ல. நம்ம தொங்கான்ல ரெண்டு ராசு இருக்காங்கல்ல? நெட்ட ராசு பேர எழுதி, அவன் அப்பன் பேரப் போட்டு மேல அனுப்பிட்டேன். துரை கையெழுத்தும் ஆயிடுச்சு. இனி யாரும் மாத்த முடியாது. தண்டலும் ஒண்ணும் சொல்ல மாட்டான். கோப்பை வாங்கினவன அனுப்புனா ஊரே கேக்கும்னு அவனுக்கும் பயம்."

என் கணவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். நெட்டை ராசுவை எனக்கும் தெரியும். உயரமானவர், எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவர். மனைவியும் ஒரு சின்னப் பெண் குழந்தையும் உண்டு.

தம்புசாமி போனதும் என் கணவர் எழுந்தார். "நான் போய் உண்மையச் சொல்லிட்டு வரேன்."

நான் வாசலை மறித்து நின்றேன். இதை எழுதும்போதும் என் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "போனீங்கன்னா அந்தத் தம்பிக்கு வேலை போயிடும், ஜெயிலுக்கும் அனுப்புவாங்க. நமக்கும் கப்பல்தான். நீங்க செஞ்சதில்ல இது. பேசாம இருங்க" என்றேன். குமாரை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் புறப்பட்ட வியாழக்கிழமை எனக்குத் தெரியாமல் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். பிறகு ஒரே ஒருமுறை அதைச் சொன்னார். சரக்குக் கிடங்கின் பக்கத்தில் நின்று பார்த்தாராம். வரிசையில் நெட்டை ராசு தலையில் பெட்டி, மனைவி கையில் பானை, அந்தப் பெண் குழந்தை கையில் காகிதத்தில் செய்த ஒரு மீன். கூப்பிட வாயைத் திறந்தாராம். சத்தம் வரவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஆட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கூட்டம் வாசலில் வந்து நின்றது. முழங்கால் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். அந்தப் பொய்யைப் பிறப்பித்தவள் நான். அவர் மறுக்கவில்லை. மூன்று வருடம் மூட்டை தூக்கினார். தெருவில் பிள்ளைகளின் பந்து காலடிக்கு உருண்டு வந்தால் தாண்டிப் போவார். ஒரு மாசி மாதத்தில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்விட்டார். சவ ஊர்வலத்தில் கடைகளை மூடினார்கள். கிலாட் ராசுவுக்கு எதற்கும் பயமில்லை, சாவுக்கும் பயமில்லை என்று ஒருவர் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

7

கோப்பை ஆட்டத்தன்று காலை. கையெழுத்துப் போடாத தாள் அப்படியே இருந்தது. குமார் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கதவின் மேல்கட்டை இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்து நின்றார் ஒருவர்.

"தங்கச்சி, என்னத் தெரியுதா? நெட்ட ராசு."

என் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. கணக்குக் கேட்க வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மனம் அந்த நொடியில் எங்கெங்கோ ஓடியது. போலீஸ், தம்புசாமி, கூட்டத்தின் நடுவில் குமார்.

அவரோ சிரித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆள் எடுப்பு திரும்பத் தொடங்கியதும் கப்பலேறி வந்துவிட்டதாகவும், அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுப்பதாகவும் சொன்னார். கோப்பை ஆட்டத்தைக் கேள்விப்பட்டு, விடியலில் கிளம்பி, படகேறி வந்திருந்தார்.

"ஊர்ல எங்க போனாலும் சொல்லுவேன் தங்கச்சி. கிலாட் ராசுவும் நானும் ஒரே தொங்கான், ஒரே பேருன்னு. நம்ப மாட்டானுங்க. அந்த மூணு கோல நின்னு பாத்தவன் நான். செத்துட்டாருன்னு இங்க வந்துதான் கேட்டேன்." குமாரைப் பார்த்து, "அப்படியே அப்பன் காலு" என்றார்.

மனைவியைப் பற்றி விசாரித்தேன். ஊருக்குப் போன மறு வருடமே குளிர்காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். மகள் செல்லம்மா அத்தை வீட்டில் வளர்கிறாளாம். கோப்பி கலந்து கொண்டுவந்து வைத்தேன். அவர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். அவர் அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்து போய்விட்டால், இனி என்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. குமார் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே அனுப்பலாமா என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

"அண்ணே, அந்தப் பட்டியல்ல வந்தது உங்க பேரு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். தண்டல் வந்தது, நான் விட்டுக்கொடுக்கச் சொன்னது, பெயர் மாறியது, வாசலை மறித்தது. கிராணியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவர் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார்.

"அது என் பேரு இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்தார். அவசரத்தில் தலை கதவுக்கட்டையில் இடித்தது. தடவிக்கொள்ளாமல் நடந்து போனார்.

குமார் கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தான். பிறகு அவனும் எழுந்து திடலுக்குப் போய்விட்டான்.

8

அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் திடலுக்குப் போனேன். கோப்பை கொடுக்க அழைத்திருந்தார்கள் என்பது வெளிக்காரணம். நெட்டை ராசு கூட்டத்தின் நடுவில் நின்று கத்திவிடுவார் என்ற பயம்தான் என்னை இழுத்துப் போனது. சங்க மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். தம்புசாமியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசிப் பத்தியை அடித்திருந்தேன்.

"நெட்ட ராசு வந்திருக்காரு. சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "அண்ணி, எனக்கு நாலு புள்ளைங்க..."

"உங்க பேரச் சொல்லல."

ஆட்டம் தொடங்கியது. நான் பந்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் உயரமான தலையைத் தேடினேன். கண்டுபிடித்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கொஞ்சம் அசைந்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்தேன். நடுவில் பெரிய சத்தம் எழுந்தது. குமார் ஒரு கோல் அடித்திருந்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கடைசியில் எங்கள் பிள்ளைகள் ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றார்கள். கோப்பையை எதிரணித் தலைவனிடம் கொடுத்தேன். யார் கையில் கொடுத்தேன் என்று முகம்கூட நினைவில்லை.

கூட்டம் கலையும்போது நெட்டை ராசு மேசையை நோக்கி வந்தார். தம்புசாமி எழுந்து நின்றார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நெட்டை ராசு அவரை ஒரு தரம் பார்த்தார். பழைய கம்பெனிக் கிராணி அப்படி நிற்பதைக் கண்டதுமே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நீதானா எழுதினது?"

தம்புசாமி தலையசைத்தார்.

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தும் உயரமாகவே இருந்தார்.

"ஆறு வருசமா யோசிச்சேன் தங்கச்சி, நான் என்ன தப்பு பண்ணேன்னு. அதுக்கு முந்துன வாரம் தண்டல எதுத்துப் பேசினேன். அதனாலதான்னு நெனச்சேன். உன் வாயாலதான் நாங்க இந்தக் கதிக்கு ஆனோம்னு என் பொண்டாட்டி சாகுற வரைக்கும் திட்டுனா. என் மகளும் அதத்தான் நம்புறா. நான் கப்பலேறும்போது பேசக்கூட வரல அவ." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலண்ணே."

குமார் சேற்றுக் காலோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். குனிந்து என் காதருகில் கேட்டான். "மா, அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பயந்தாரா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும். உன்ன மாதிரியே."

அவன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். பிறகு புல்லில், நெட்டை ராசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என் மகளுக்கு ஒரு கடுதாசி எழுதணும்" என்றார் நெட்டை ராசு. "எனக்கு எழுத வராது. நீ எழுது தங்கச்சி."

தம்புசாமி சங்கத்தின் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார். "அண்ணி, என் பேரு மட்டும்..." என்று தொடங்கினார்.

"உன் பேரு வேணாம்" என்றார் நெட்டை ராசு. "எம் மகளுக்கு உன்னத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது கிலாட் ராசுவத்தான். சின்னப் புள்ளையில என் தோள்ல உக்காந்து அந்த ஆட்டத்தப் பாத்தவ. அவரு பொண்டாட்டி எழுதினான்னா நம்புவா."

எழுதினேன். பட்டியலில் வந்தது என் கணவரின் பெயர் என்றும், அது அவள் அப்பா தலையில் விழுந்தது என்றும், தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை என்றும் எழுதினேன். கடைசியில் கையெழுத்து. பெயர் எழுதிய தாளைக் கண்டாலே பயப்படும் நான் அன்று என் பெயரை எழுதினேன். எழுத்துகள் கோணலாக வந்தன. கிலாட் ராசு மனைவி தனபாக்கியம், பினாங்கு.

நெட்டை ராசு தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். என்னிடமே மறுபடி நீட்டி, படிக்கச் சொன்னார். படித்தேன். முடித்ததும், "அந்த ஒரு வரிய மட்டும் இன்னொரு தடவ படி" என்றார்.

"உங்கள் அப்பா மேல் எந்தத் தப்பும் இல்லை."

கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவ."

படித்தேன்.